மக்கெரெரே மாநாடும் அழைப்பில் இல்லாத மொழிகளும்

உகாண்டாவின் தலைநகரான கம்பாலா, குன்றுகளின் மேல் பரந்து கிடக்கும் ஊர். அக்குன்றுகளுள் ஒன்று மக்கெரெரே. தச்சு வேலையும் கட்டட வேலையும் இயந்திர வேலையும் கற்பிக்கும் சிறு தொழிற்பள்ளியாக 1922ஆம் ஆண்டில் அங்கே தோன்றிய நிறுவனம், 1949இல் லண்டன் பல்கலைக்கழகத்தோடு இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாக உயர்ந்தது. 1950களில் உகாண்டா, கென்யா, தாங்கனிக்கா ஆகிய மூன்று நாடுகளின் இளைஞர்களும் பட்டம் தேடி ஏறிய குன்று அதுவே. வினாத்தாளும் பாடத்திட்டமும் லண்டன் வழி வந்தன. ஷேக்ஸ்பியரும் மில்டனும் அக்குன்றில் ஆழ்ந்து பயிலப்பட்டனர். பயின்றவர்களின் தாய்மார் பேசிய மொழிகளுக்கு ஆங்கில இலக்கியத் துறையில் இடமிருக்கவில்லை.

இக்குன்றின் மேல் 1962ஆம் ஆண்டு ஜூன் திங்களில் ஓர் எழுத்தாளர் மாநாடு கூடிற்று. ஆப்பிரிக்க இலக்கிய வரலாறு எழுதுவோர் எவரும் அதனைக் குறிப்பிடாமல் செல்வதில்லை. ஆயினும் அம்மாநாடு எதனையும் முடிவு செய்யவில்லை. தான் எழுப்பிய முதல் வினாவுக்கே விடை காணாமற் கலைந்தது. அத்தகைய கூட்டம் ஏன் இவ்வளவு நினைக்கப்படுகிறது என்பதை அறிய, மேடைக்கு முன்னே அம்மேடைக்கு ஆள் வளர்த்த சிறு களங்களைக் காணவேண்டும்.

மக்கெரெரேயின் ஆங்கிலத் துறையைச் சார்ந்து 1958 முதல் 'பென்பாயிண்ட்' என்றொரு மாணவர் இதழ் வெளிவந்தது. தோற்றத்தில் எளிய அவ்விதழில்தான் கிழக்கு ஆப்பிரிக்காவின் முதல் தலைமுறைக் கதைஞரும் கவிஞரும் தம் பெயரை அச்சிற் கண்டனர். அவ்விதழில் வந்த ஆக்கங்களைத் தொகுத்து டேவிட் குக் என்ற பேராசிரியர் 1965இல் ஒரு நூலாகவும் கொணர்ந்தார். இதழ் ஒருபுறமிருக்க, மாணவர் விடுதிகளுக்கிடையே ஆண்டுதோறும் நாடகப் போட்டி நடந்தது. ஒவ்வொரு விடுதியும் தன் மாணவன் எழுதிய நாடகத்தைத் தானே நடித்துக் காட்டும். பரிசு பெரிதன்று, விடுதிப் பெருமை பெரிது.

கென்யாவின் லிமுரு பகுதியிலிருந்து 1959இல் அங்கு வந்து சேர்ந்த ஒரு மாணவர், 'பென்பாயிண்ட்' இதழோடு தொடர்புடைய மூத்த மாணவர் ஜொனதன் கரியாராவை ஒருநாள் வழியில் நிறுத்தி, தாம் ஒரு சிறுகதை எழுதியிருப்பதாகவும் அதனைப் பார்த்துத் தரவேண்டும் என்றும் கேட்டார். உண்மையில் அவர் எந்தக் கதையும் எழுதியிருக்கவில்லை. கரியாரா ஆவலோடு கேட்டுவிட்டமையால், சொன்ன பொய்யைக் காப்பாற்றுவதற்காகவே எழுதவேண்டியதாயிற்று. அவ்வாறு பிறந்த கதை அத்தி மரத்தைப் பற்றியது. அம்மாணவரின் பெயர் அப்போது ஜேம்ஸ் கூகி. பின்னாளில் கூகி வா தியாங்கோ. இலக்கிய வட்டங்களில் இதழாசிரியராக இருந்து 'கதை எங்கே' என்று கேட்டுப் பழகியோர்க்கு இந்நிகழ்ச்சி வியப்பளிக்காது.

விடுதிப் போட்டிக்கும் கூகி நாடகங்கள் எழுதினார். அவற்றுள் ஒன்று, விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டுத் தடுப்பு முகாமிலிருந்து மீளும் ஒருவன், தன் மனைவி வெள்ளை அதிகாரி ஒருவனால் சிதைக்கப்பட்டதை அறிவதைச் சொல்வது. அந்நாடகத்திற்குக் கம்பாலாவின் தேசிய நாடக அரங்கில் இடம் கிடைக்கவில்லை. பிரித்தானிய அதிகாரி ஒருவன் அவ்வாறு செய்யமாட்டான் என்பதே காரணமாக எட்டியது என்று, 2016இல் வெளிவந்த தம் மக்கெரெரே நாட்களின் நினைவு நூலில் கூகி எழுதுகிறார். பல்கலைக்கழக வளாகம் எழுதத் தூண்டிற்று. எதுவரை எழுதலாம் என்ற எல்லையையும் அதே காலம் காட்டிற்று.

மாநாட்டுக்கு முந்திய ஆண்டில், 1961 நவம்பரில், கம்பாலாவில் 'டிரான்சிஷன்' என்ற இதழ் தோன்றியது. அதனைத் தொடங்கியவர் ரஜத் நியோகி. வங்காளப் பெற்றோர்க்குக் கம்பாலாவிலேயே 1938இல் பிறந்தவர். தொடங்கியபோது அகவை இருபத்திரண்டு. ஆப்பிரிக்க மண்ணில் ஆங்கிலத்தில் நடந்த அறிவுப் போர்களுக்கெல்லாம் களமாக அமைந்த இதழை ஓர் இந்திய வம்சாவளி இளைஞர் நடத்தினார் என்பது இந்தியாவில் போதிய அளவு அறியப்படாத செய்தி.

இனி மாநாட்டுக்கு வரலாம். அதன் முழுப்பெயரைத் தமிழில் 'ஆங்கிலவழி ஆப்பிரிக்க எழுத்தாளர் மாநாடு' என்று சொல்லலாம். பண்பாட்டுச் சுதந்திரத்திற்கான பேரவை என்னும் பன்னாட்டு அமைப்பும், நைஜீரியாவின் இபாதான் நகரத்து 'எம்பாரி' எழுத்தாளர் மன்றமும், மக்கெரெரேயின் புறக்கல்வித் துறையும் இணைந்து அதனைக் கூட்டின. முன்னின்று அமைத்தவர் தென்னாப்பிரிக்காவிலிருந்து வெளியேறி வாழ்ந்த எசேக்கியல் இம்பாலேலே. உகாண்டா விடுதலை பெறுவதற்கு நான்கே திங்கள் இருந்தன. நைஜீரியா விடுதலையாகி இரண்டாண்டுகூட ஆகவில்லை. கென்யா இன்னும் விடுதலை பெற்றிருக்கவில்லை.

வந்தோரின் பெயர்களை இன்று படித்தால் ஒரு நூலகத்தின் அடுக்கைப் பார்ப்பது போலிருக்கும். நைஜீரியாவிலிருந்து சினுவா ஆச்சிபி, வோலே சொயின்கா, கிறிஸ்டோபர் ஒகிக்போ, ஜே. பி. கிளார்க், கேப்ரியல் ஒகாரா. தென்னாப்பிரிக்கரான லூயிஸ் இன்கோசி, புளோக் மொடிசானே. கென்யாவிலிருந்து கிரேஸ் ஒகோட், ரெபேக்கா இன்ஜாவ். அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர்களுள் மூத்தவரான லாங்ஸ்டன் ஹியூஸும் வந்திருந்தார். பின்னாளில் தமிழில் 'சிதைவுகள்' என்ற பெயரில் வந்த நாவலை ஆச்சிபி எழுதி நான்காண்டுகளே ஆகியிருந்தன. சொயின்காவுக்கு அகவை இருபத்தேழு. அவருக்கு நோபெல் பரிசு கிடைக்க இன்னும் இருபத்து நான்கு ஆண்டுகள் இருந்தன.

ஆப்பிரிக்க இலக்கியம் என்பது யாது? இதுவே அவர்கள் எடுத்துக்கொண்ட முதல் வினா. ஆப்பிரிக்காவில் எழுதப்படுவதா, ஆப்பிரிக்காவைப் பற்றி எழுதப்படுவதா? கண்டம் முழுவதையும் குறிக்குமா, சகாராவுக்குத் தெற்கே மட்டுமா? ஆப்பிரிக்க மண்ணில் வாழும் வெள்ளையர் எழுதுவது சேருமா? நாட்கணக்கில் வழக்காடியும் ஒருமித்த வரையறை கிட்டவில்லை என்று இரண்டாண்டுகளுக்குப் பின் ஆச்சிபியே ஓர் உரையில் ஒப்புக்கொண்டார். பிரெஞ்சுமொழிக் கவிஞர் போற்றிய கறுப்பியக் கோட்பாட்டைச் சொயின்கா எள்ளி நகையாடினார். புலி தன் புலித்தன்மையைப் பறைசாற்றிக்கொண்டிருப்பதில்லை என்ற கருத்துப்பட அவர் சொன்னது கண்டமெங்கும் பரவியது. ஒகிக்போவோ, கவிஞரல்லாதார்க்குத் தம் கவிதையைத் தாம் படித்துக் காட்டுவதில்லை என்று அறிவித்து அவையைத் திகைக்க வைத்தார். செருக்கு என்றே பலரும் அதனைக் கொண்டனர். ஐந்தே ஆண்டுகளில், தாம் நூலகராகப் பணியாற்றிய இன்சுக்கா பல்கலைக்கழக நகரைக் காக்கும் பியாஃப்ராப் போரில் அவர் களத்தில் மாண்டார். அகவை ஏறத்தாழ முப்பத்தைந்தே. செருக்கு என்ற சொல்லை அதன்பின் அவரைக் குறித்து எளிதிற் பயன்படுத்த இயலாது.

கிரேஸ் ஒகோட் அம்மாநாட்டில் தம் சிறுகதை ஒன்றைப் படித்தார். அங்கே வைக்கப்பட்டிருந்த நூற்காட்சியில் மேற்கு ஆப்பிரிக்க நூல்கள் இருந்தன; கிழக்கு ஆப்பிரிக்கர் எழுதிய நூல் ஒன்றும் இல்லை. அவ்வெறுமையே தம்மை வெளியீட்டுக்கு உந்தியது என்பது அவர் கூற்று. 1966இல் அவர் நாவல் வெளிவந்தது. மாநாட்டு உரைகளைக் காட்டிலும் மேசையில் இல்லாத நூல்கள் ஒருவருக்கு மிகுதியாகக் கற்பித்தன என்பது எண்ணத்தக்கது.

மாணவராகிய கூகியும் அழைக்கப்பட்டிருந்தார். 'பென்பாயிண்ட்' இதழில் ஒன்றும் 'டிரான்சிஷன்' இதழில் ஒன்றுமாக வெளிவந்த சிறுகதைகளே அவருக்குக் கிடைத்த தகுதிச் சீட்டு. அவர் நாவல் ஒன்றையும் எழுதிக்கொண்டிருந்தார். கையெழுத்துப் படியை ஆச்சிபியிடம் கொடுத்துப் படித்துப் பார்க்கக் கேட்டார். விருந்தினராக வந்த புகழ்பெற்ற எழுத்தாளரிடம் உள்ளூர் மாணவன் ஒருவன் நோட்டுப் புத்தகத்தை நீட்டுவது எல்லா மாநாடுகளிலும் நிகழ்வதே. ஆச்சிபி படித்தார், கருத்துச் சொன்னார். அவ்வாண்டில்தான் ஹைனிமன் நிறுவனம் தன் ஆப்பிரிக்க எழுத்தாளர் வரிசையைத் தொடங்கியிருந்தது. ஆச்சிபி அதன் பதிப்பு ஆலோசகரானார். கூகியின் அந்நாவல் 1964இல் அவ்வரிசையில் வெளிவந்தது. ஆங்கிலத்தில் கிழக்கு ஆப்பிரிக்கர் ஒருவர் எழுதி வெளிவந்த முதன்மையான நாவல் அதுவே. மாநாட்டின் உறுதியான விளைபொருள் எது என்று கேட்டால், நிகழ்ச்சி நிரலில் இல்லாத இந்தக் கைமாற்றத்தையே காட்டவேண்டியிருக்கிறது.

ஆயின் நிகழ்ச்சி நிரலில் இல்லாதவை வேறும் இருந்தன. சுவாகிலி மொழியின் பெருங்கவிஞர் ஷாபான் ராபர்ட் அப்போது உயிரோடிருந்தார். தாங்கனிக்காவின் தாங்கா என்னும் கடற்கரைப் பகுதியைச் சேர்ந்தவர், 1909இல் பிறந்தவர், கவிதையும் உரைநடையுமாகப் பல நூல்கள் தந்தவர். கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரையெங்கும் மக்கள் அவரை அறிந்திருந்தனர். அவருக்கு அழைப்பு இல்லை. இகழ்ச்சியாலோ மறதியாலோ நேர்ந்ததன்று இது; மாநாட்டின் பெயரே அவரை வெளியே நிறுத்தியது. ஆங்கிலவழி எழுதுவோர்க்கான கூட்டத்தில் சுவாகிலியில் எழுதியவர்க்கு இருக்கை ஏது? அதே 1962 ஜூன் திங்களில் ஷாபான் ராபர்ட் காலமானார். யொரூபா மொழியில் 1938இலேயே நாவல் எழுதிப் புகழ்பெற்ற ஃபாகுன்வாவும் இவ்வாறே அழைப்புக்குப் புறத்தே நின்றவர். அவரும் 1963 டிசம்பரில் மறைந்தார். கிழக்கே ஒருவரும் மேற்கே ஒருவருமாக, தாய்மொழியில் எழுதிய இரு முன்னோடிகள், தம் கண்டத்து இலக்கியத்தை வரையறுக்கக் கூடிய அவையைக் காணாமலே சென்றனர்.

இக்குறையை முதன்முதலில் உரக்கச் சொன்னவர் நைஜீரியரான ஒபி வாலி. 1963 செப்டம்பரில் 'டிரான்சிஷன்' இதழில் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பே ஆப்பிரிக்க இலக்கியம் முட்டுச் சந்தில் நிற்கிறதா என்று வினவியது. ஆங்கிலத்தையும் பிரெஞ்சையும் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டு எழுதப்படுவது ஆப்பிரிக்க இலக்கியமாக வளரமாட்டாது; ஐரோப்பிய இலக்கியத்தின் ஒரு கிளையாகவே சிறுத்துப்போகும்; ஆப்பிரிக்க மொழிகளில் எழுதினால் அன்றி வழியில்லை என்பது அவர் வாதம். மாநாடு எதையேனும் சாதித்திருந்தால், இவ்வழி எங்கும் செல்லாது என்று காட்டியதே அச்சாதனை என்று அவர் கசப்போடு எழுதினார்.

எதிர்ப்பு உடனே எழுந்தது. அடுத்தடுத்த இதழ்களில் இம்பாலேலே முதலானோர் மறுத்தனர். வாலி தம் மொழியில் எதையேனும் மொழிபெயர்த்ததுண்டா என்று சொயின்கா குத்தலாகக் கேட்டார். அக்கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. வாலியின் கட்டுரையும் ஆங்கிலத்திலேதான் இருந்தது. ஆனால் கேட்ட சொயின்காவையும் அக்கேள்வி விடவில்லை போலும். 1968இல் ஃபாகுன்வாவின் யொரூபா நாவலை ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டவர் அவரே. ஆச்சிபி 1964இல் ஆற்றிய உரையொன்றில் நிதானமாக விடை சொன்னார்: வரலாறு தமக்கு இம்மொழியைக் கொடுத்துவிட்டது; அதைத் தாம் பயன்படுத்துவார்; ஆனால் தம் ஆப்பிரிக்க அனுபவத்தின் சுமையைத் தாங்குமாறு அம்மொழியை வளைத்துக்கொள்வார். பல மொழிகள் வழங்கும் நைஜீரியாவில் இணைப்பு மொழியின் தேவையை அவர் மறைக்கவில்லை. இதனை அடிமை மனம் என்று எளிதில் தள்ளிவிட முடியாது. அவ்வுரை தந்த விடையின் நேர்மையே வழக்கை நெடுங்காலம் உயிரோடு வைத்திருந்தது. வாலி பின்னர் அரசியலில் ஈடுபட்டு, 1993இல் தம் நாட்டில் கொலையுண்டு இறந்தார்.

மாநாட்டின் பெயரில் மறைந்திருந்தது ஒன்றென்றால், அதன் பணப்பையில் மறைந்திருந்தது மற்றொன்று. பண்பாட்டுச் சுதந்திரத்திற்கான பேரவையின் பின்னால் அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ.வின் பணம் இருந்தது என்பது 1966, 1967ஆம் ஆண்டுகளில் வெளிப்பட்டது. 'டிரான்சிஷன்' இதழும் அப்பேரவையின் உதவி பெற்றதே. நியோகி மனமுடைந்தார். பேசியவர்களுள் எவரும் கொடுத்ததற்காகக் குரல் மாற்றிப் பேசியதாகத் தோன்றவில்லை; அவர்களது நூல்கள் அதற்குச் சான்று. எனினும், மாநாடு நடத்துவோர் பந்தல் செலவை யார் ஏற்கிறார் என்று கேட்காதிருந்தால் என்ன நேரும் என்பதற்கு இது பதிவான சான்றாகிவிட்டது.

நியோகிக்கு அதனினும் கொடிய அடி உள்நாட்டிலிருந்தே வந்தது. உகாண்டா அரசு 1968இல் அவரைக் கைது செய்தது. விடுதலைக்குப் பின் இதழை அவர் கானாவுக்குக் கொண்டுசென்றார். 1971இல் இடி அமீன் ஆட்சியைக் கைப்பற்றினார்; அடுத்த ஆண்டு மக்கெரெரேயின் துணைவேந்தர் பிராங்க் கலிமுசோ கடத்திச் செல்லப்பட்டார்; திரும்பவில்லை. அதே 1972இல் ஆசிய வம்சாவளியினர் நாட்டைவிட்டுத் துரத்தப்பட்டனர். நாடகாசிரியர் பைரன் கவாட்வா 1977இல் கொல்லப்பட்டார். கவிதை படித்துக் காட்ட ஆள் கூடிய குன்றில் அக்காலத்தில் மெல்லப் பேசவும் அஞ்சினர்.

மொழி வழக்கு இதற்குள் நைரோபிக்கு நகர்ந்திருந்தது. 1968 அக்டோபரில் நைரோபிப் பல்கலைக்கழகக் கல்லூரியில் கூகியும் டபான் லோ லியோங்கும் ஹென்றி ஒவூர் அன்யும்பாவும், ஆங்கிலத் துறையை நீக்கவேண்டும் என்று ஓர் அறிக்கை எழுதினர். ஆங்கில இலக்கியத்தைப் படிக்கவே கூடாது என்று அவர்கள் கூறவில்லை. நடுவில் எதை வைப்பது என்பதே அவர்கள் கேட்டது. ஆப்பிரிக்க இலக்கியமும் வாய்மொழி வழக்காறும் நடுவில் அமைய, ஏனையவை அதனைச் சுற்றி அமையட்டும் என்றனர். பெரும் பூசலுக்குப் பின் துறை 'இலக்கியத் துறை' எனப் பெயர் மாறிற்று. 1969இல் பல்கலைக்கழகச் சுதந்திரம் பற்றிய பூசலில் பதவி துறந்த கூகி, 1969-70இல் படைப்பிலக்கிய அறிஞராக மக்கெரெரேக்கே மீண்டு இளையோர்க்கு எழுத்துப் பயிற்சி அளித்தார்.

உகாண்டாவின் ஒகோட் பி'பிடெக் இவ்வழக்கிற்கு வேறொரு சான்று. அச்சோலி மொழியில் அவர் முதலில் இயற்றிய நெடும்பாடல் 1966இல் ஆங்கில வடிவில் வெளிவந்து புகழ் பெற்றது. அச்சோலி மூலம் 1969இல்தான் நூலாயிற்று. மகள் பிறந்த பிறகு தாய் பிறந்த கதை இது. பதிப்பகங்கள் எம்மொழிக்கு முதலில் கதவு திறந்தன என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டியதில்லை.

கூகியே ஆங்கிலத்தை விட இன்னும் எட்டாண்டுகள் ஆயின. 1977இல் தம் ஊரை ஒட்டிய கமிரீதுவில், உழவரும் தொழிலாளரும் தாமே கட்டிய திறந்தவெளி அரங்கில், கிக்கூயு மொழி நாடகமொன்றைக் கூகி வா மிரீயுடன் சேர்ந்து எழுதி மேடையேற்றினார். ஒத்திகைக்கு வந்த ஊரார் வசனங்களைத் திருத்தினர். தம் மொழியைத் தாம் புதிதாகக் கற்க நேர்ந்தது என்று பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒப்புக்கொண்டார். சில வாரங்களில் அரசு நாடகத்தைத் தடுத்தது. அவ்வாண்டு இறுதியில் கூகி விசாரணையின்றிச் சிறையிலடைக்கப்பட்டார். ஆங்கிலத்தில் அதுவரை அவர் எழுதிய கடுமையான நூல்களுக்காக எவரும் அவரைச் சிறைக்கு அனுப்பவில்லை என்பதை இங்கே நினைக்கவேண்டும். கமிட்டிச் சிறையின் கழிப்பறைத் தாளில் அவர் எழுதிய கிக்கூயு நாவல் 1980இல் வெளிவந்தது. 'சிலுவையில் தொங்கும் சாத்தான்' என்று தமிழுக்கும் வந்திருக்கிறது. 1986இல் வெளியிட்ட கட்டுரை நூலில் மொழி பற்றிய முதற் கட்டுரையை அவர் 1962 மக்கெரெரே மாநாட்டிலிருந்தே தொடங்குகிறார். இரு சிறுகதைகளோடு தாம் உள்ளே அமர்ந்திருக்க, ஷாபான் ராபர்ட் வெளியே நின்ற காட்சி இருபத்து நான்கு ஆண்டுகளாக அவரை உறுத்தியிருக்கிறது.

கூகி 2025 மே 28 அன்று மறைந்தார். ஆப்பிரிக்க மொழிகளுக்கெனவே 2000 ஜனவரியில் எரித்திரியாவின் அஸ்மாராவில் ஒரு மாநாடு கூடியதையும், சுவாகிலிப் படைப்புகளுக்கென 2014இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் பெயர் தாங்கிய ஒரு பரிசு நிறுவப்பட்டதையும் அவர் கண்டார். அப்பரிசை நிறுவிய இருவருள் ஒருவர் அவருடைய மகன்.

அந்தச் சிறை நாவல் வெளிவந்தபோது நடந்தது ஒன்றை அதே 1986 நூலில் கூகி பதிந்திருக்கிறார். படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிக்க, குடும்பத்தார் மாலைதோறும் சூழ்ந்திருந்து கேட்டனர். தொழிற்கூடங்களில் உணவு இடைவேளையில் படித்தனர். மதுக்கடைகளிலும் படித்தனர், அங்கே அதற்கென்றே தேர்ந்த படிப்பாளிகள் தோன்றினர். அவ்வாறு படிப்பவர், கதை சூடு பிடிக்கும் இடத்தில் தம் கோப்பை வற்றியிருப்பதைக் கண்டால் நூலைக் கீழே வைத்துவிடுவார். சுற்றியிருப்போர் மற்றொரு கோப்பை வரவழைப்பர். அவர் நூலை மீண்டும் எடுப்பார்.